சான்றிதழைத் திரும்பக் கேட்ட கிராணி பேசுகிறேன்

தலைமை நாற்காலியில் தவிப்போடு அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர் முனியாண்டி அவர்களே! கோலா தெர்லாவிலிருந்து கொட்டும் குளிரில் வந்திருக்கும் பெரியோர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு ஓடிவந்த தாய்மார்களே! நம் தோட்டத்தின் முதல் வழக்கறிஞராகப் போகும் சசிரேகாவே! இந்தத் தோட்ட ஆபீசில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிராணி வேலப்பனின் வணக்கம்.

பாராட்டிப் பேசத்தான் அழைத்தார்கள். பாராட்டும் தகுதி எனக்கு இல்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். குளிரா? குளிர் இல்லை லா, பயம்!

வழக்கறிஞராகப் படிப்பு மட்டும் போதாது. இவர் நன்னடத்தை உள்ளவர் என்று இரண்டு பேர் எழுதிய சான்றிதழ் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். சசிரேகாவுக்கு ஒன்றை நான் கொடுத்தேன். போன மாதம் இந்த விழா அழைப்பிதழோடு ஈப்போவில் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் ரெனீ, நம்ம தானா ராத்தா பிரெட்ரிக் மகள். "நாங்க ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒன்னா வாழுறோம் ஐயா" என்று சசிரேகாவே சொன்னாள். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. ரெனீ கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன். வீட்டுக்கு வந்தேன். சான்றிதழைத் திருப்பி அனுப்புங்கள் என்று அவள் தொழில் பழகும் வக்கீல் பார்பராவுக்குக் கடிதம் போட்டேன். அதோடு விட்டேனா? கம்போங் ராஜா காப்பிக்கடையில் உட்கார்ந்து ஊர் முழுக்கப் பரப்பினேன்!

முப்பத்தொரு வருஷம் தோட்ட ஆபீசில் நான் என்ன எழுதினேன்? யார் வேலை மாறிப் போனாலும் "நன்னடத்தை உள்ளவர்." கேட்காமல் எழுதினேன், பார்க்காமல் எழுதினேன், தலை நிமிராமல் எழுதினேன். குடித்துவிட்டுப் பெண்டாட்டி பல்லை உடைத்தவனுக்கும் எழுதினேன். பேர் சொல்லமாட்டேன். யோகேந்திரா, நீ ஏம்பா குனியுற? சிரிக்காதீங்கம்மா, எழுதினவன் நான்தானே! அவனுக்கு நன்னடத்தை. நம்ம வேலம்மாவை வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நிர்வாகம் கடிதம் கொடுத்தபோது, அடுப்படியில் உட்கார்ந்து பதில் எழுதி அந்த வீட்டைக் காப்பாற்றிய சசிரேகாவுக்கு இல்லையா?

நேற்று பார்பரா அம்மா போன் செய்தார். "வெள்ளிக்கிழமை நீதிபதி முன்னால நிக்கணும். சான்றிதழ் இல்லேன்னா அவ வக்கீலா ஆக முடியாது. ஏன் திரும்ப வாங்கினாருன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? எங்க தொழில்ல எத்தனை பேரு துணையோட போட்டோவ மேசைமேல வைக்கப் பயந்து டிராயருக்குள்ள வச்சிருக்காங்க, தெரியுமா?" எனக்குத் தூக்கமே போச்சு.

இன்று காலை இருவரையும் பார்த்து, "மேடையில உண்மையச் சொல்லட்டுமாம்மா?" என்றேன். சசிரேகா சொன்னாள்: "காப்பிக்கடையில எங்களைக் கேட்டுட்டா சொன்னீங்க? சொல்லுங்க ஐயா. இதையும் சேர்த்துச் சொல்லுங்க." செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

பெரியோர்களே! ஊருக்கெல்லாம் நியாயம் கேட்கப் போகிறவள் தன் வீட்டுக்கதவைத் திறக்கப் பயப்படவேண்டுமா? பொய் சொன்னாளா? கட்சிக்காரரை ஏமாற்றினாளா? பெண்ணை விரும்பும் பெண்ணும் ஆணை விரும்பும் ஆணும் கறுப்பு அங்கி போட்டால் வாதம் வாயில் வராதா?

பின்னால் யாரோ "கலாசாரம்" என்கிறார். தம்பி, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இன்னும் இருக்கு. நீதிமன்றத்தில் யாராவது ஆட்சேபம் போடுவார்களோ, ஆலயத்தில் என்னை ஒதுக்குவார்களோ என்று நினைப்பு ஓடுது. அதற்காக இவள் இத்தனை வருஷம் படித்த படிப்பை நான் மண்ணாக்குவதா?

இதோ, புதுச் சான்றிதழ். வாழ்க்கையில் முதல்முறையாக, ஆளைத் தெரிந்து எழுதியிருக்கிறேன். தலைவரே, பேனாவைக் கொடுங்கள். கொஞ்சம் பொறுங்க, கையெழுத்து... போட்டாச்சு! வாம்மா சசிரேகா, வாங்கிக்கோ.

நீதிமன்றத்தில் புது வழக்கறிஞரின் குடும்பத்தாரையும் எழுந்து நிற்கச் சொல்வார்களாம். கதவோரம் நிற்கும் ரெனீ, அன்றைக்கு நீயும் எழுந்து நிக்கணும். பயமாத்தான் இருக்கும். எனக்கும் இருக்கும். உன் பக்கத்தில் நான் நிற்பேன்.

உட்கார்ந்து கேட்டவர்களுக்கு நன்றி. எழுந்து போனவர்களுக்கும் என் வணக்கம்.