காத்து வருதுக்கா

உங்கள் மேசை விசிறியின் பேரிங் தேய்ந்துபோயிருக்கிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். தினமும் கேட்கிற சத்தம் காதில் விழாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் லேசாக உரசுகிறது பாருங்கள். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும், இன்னும் ஒரு வருஷம் ஓடும். பழக்க தோஷம், சொல்லிவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

என்னை நீங்கள் மிரட்டவும் வேண்டாம், தாஜா பண்ணவும் வேண்டாம். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். என் அக்கா மகள் கொடுத்த புகாரில் இருப்பது பெரும்பாலும் சரிதான். ஒரே ஒரு இடத்தில்தான் அவள் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். காசுக்கு ஆசைப்பட்டு என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பெட்டிகளால் எங்கள் வீட்டுக்குக் காசு எதுவும் வரவில்லை என்பது அவளுக்கே தெரியும். கரண்ட் பில்லுக்கே கட்டுப்படியாகவில்லை. ஆசை என்றால் ஏதாவது கையில் வந்திருக்க வேண்டும் இல்லையா?

பெட்டிகள் என்று சொல்வது கிரிப்டோ நாணயம் எடுக்கிற மெஷின்களை. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். உள்ளே சர்க்யூட் பலகை, பலகை நிறையச் சில்லு, முன்னும் பின்னும் விசிறி. கரண்ட் கொடுத்தால் ராப்பகலாக ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கும். உலகம் முழுக்க இப்படி லட்சக்கணக்கான பெட்டிகள் உட்கார்ந்து அதே கணக்கைப் போடுகின்றன. எல்லாரும் சேர்ந்து போட்டதில் நம் பங்குக்கு ஒரு துளி நாணயம் வந்து விழும். அதன் விலை ஏறினால் துளியும் பெரிசுதான். இறங்கினால் வெறும் உஷ்ணக்காற்றுதான் மிச்சம்.

முதல் பெட்டியை வாங்கிக் கொடுத்தது அக்காதான். அவள் கல் பலகை அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவள். அத்தான் விட்டுவிட்டுப் போன பிறகு என்னையும் மகளையும் அந்த வேலையில்தான் கரை சேர்த்தாள். வருஷக்கணக்கில் கல் தூசியைச் சுவாசித்ததில் நுரையீரல் இறுகிவிட்டது. பட்டறைக்காரர்கள் ஒரு தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தொகையை அப்படியே என் கையில் கொடுத்தாள்.

"வச்சுக்கிட்டு நான் என்னடா பண்ணப் போறேன்? உனக்குன்னு ஒரு தொழில் அமையட்டும். நான் போறதுக்குள்ள அதை ஒரு தடவ பார்த்துட்டாப் போதும்" என்றாள்.

அவள் பார்க்க வேண்டும் என்றுதான் எல்லாமே. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வாங்கியதெல்லாம் பழைய பெட்டிகள். காதில் எப்போதும் ஒரு பிரஷ்ஷைச் செருகியிருக்கும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் பிரஷ் அண்ணன் என்போம். இப்படிப் பெட்டிகள் ஓடி மூடிப்போன பெரிய கூடங்களிலிருந்து அள்ளிக்கொண்டு வருவார். பழைய பெட்டியை மோந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். கருகிய வாடை இருந்தால் பவர் பகுதி போயிருக்கும். லேசாகக் குலுக்கினால் சில்லின் மேல் ஒட்டிய உலோகத் தகடு கழன்று ஆடுவது கேட்கும். நான் கழன்றதையே வாங்கி, ஒட்டி, சூடுகாற்று அடித்துச் சில்லு மாற்றி ஓடவிடுவேன். அதில் எனக்குக் கை நன்றாகவே ஓடும், பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்படி நாலு பெட்டி பின்னறையில் சேர்ந்தது.

முன்னறையில் அக்காவின் கட்டில். பக்கத்தில் அவளுடைய மெஷின். அறைக் காற்றை இழுத்து அதிலிருந்து ஆக்சிஜனை மட்டும் பிரித்துக் கொடுக்கிற மெஷின் அது. அதிலிருந்து ஒரு குழாய், தண்ணீர் பாட்டில் வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டு அவள் மூக்குக்குப் போகும். அதைக் கொடுத்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது நிக்கக் கூடாது தம்பி. சாதாரணக் காத்தை வச்சுக்கிட்டு அவங்க நுரையீரலால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். குணமாகாது, இருக்கிறவரை இதுதான் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லப் போவதில்லை.

அக்காவுக்கு வாய்க்கொழுப்பு அதிகம். வருகிறவர்களிடமெல்லாம், "எனக்கு ஒரு மெஷின் மூச்சு விடுது, இவனுக்கு நாலு மெஷின் பெருமூச்சு விடுது" என்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமிக்கொண்டே சிரிப்பாள்.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார். சின்ன விசிறிகளைக் கழற்றிவிட்டு, எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக ஒரு பெரிய ஊதுவிசிறியும் தகரக் குழாயும் வைத்தேன். ஆனால் பெட்டி லேசுப்பட்டது இல்லை. தன் விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கும். சுற்றவில்லை என்றால் கிளம்பவே கிளம்பாது. பிரஷ் அண்ணன் ஒரு குட்டிச் சொருகியைக் கொடுத்தார். விசிறியின் இடத்தில் அதைச் செருகினால் விசிறி ஓடுவதாகவே பெட்டிக்குத் தகவல் போகும்.

"அதுக்கு விசிறி வேணாம்பா. விசிறி இருக்குங்கிற நம்பிக்கை போதும்" என்றார் அவர்.

எங்கள் தொழிலில் இது தப்பே இல்லை. எல்லாரும் செய்வதுதான்.

பிறகு நாணயத்தின் விலை விழுந்தது. விழுந்தது எழவே இல்லை. பலர் பெட்டிகளை எடைக்குப் போட்டார்கள். நான் போடவில்லை. அக்காவின் நுரையீரலுக்கு வந்த பணத்தை எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. ஓடிக்கொண்டிருந்தால்தானே விலை ஏறும்போது கையில் இருக்கும்?

வெயில் காலம் வந்ததும் கரண்ட் பலவீனமாகிவிட்டது. எங்கள் வீட்டு லைன் நாலு பெட்டியைத் தாங்கும், விளக்கு விசிறியையும் தாங்கும். அக்காவின் மெஷினில், காற்றை அழுத்தி ஆக்சிஜனைப் பிரிக்க ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. கரண்ட் தாழ்ந்தால் அது நின்று நின்று கிளம்பும்; கிளம்புகிற நொடியில் மட்டும் மொத்தமாக இழுக்கும். உடனே பிரேக்கர் விழுந்து வீடே அணையும். மறுபடி போட்டால் மறுபடி விழும். அணைந்து எரிவது பெட்டிகளுக்கு ஆகாது. ஒரே வாரத்தில் இரண்டு பலகை செத்துப்போனது. நான் படாத பாடு பட்டு உயிர் கொடுத்தவை. மறுபடி முதலிலிருந்து எழுப்ப வேண்டியதாயிற்று.

ஒரு பெட்டியை நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். அக்கா மகளும் அதையேதான் கேட்டாள். நான் யோசிக்காமல் இல்லை. ஒரு பெட்டியை நிறுத்தினால் அதன் பங்கு போய்விடும். அக்காவின் மெஷின் எதையும் ஈட்டுவதில்லை. அது அவளை இருந்த இடத்திலேயே வைத்திருந்தது, அவ்வளவுதான். பெட்டிகளுக்காவது ஒரு எதிர்காலம் இருந்தது.

முதலில் அவள் கண்ணயர்ந்த சமயங்களில் மட்டும் மெஷினை நிறுத்திப் பார்த்தேன். சத்தம் நின்ற உடனே விழித்துக்கொள்வாள். "நின்னுடுச்சாடா? நின்னுடுச்சாடா?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். மூச்சு முட்டுவதற்கு முன்பே பயம் முட்டும் அவளுக்கு. அவள் பயத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு வழி தோன்றியது.

பழுது பார்ப்பதாகச் சொல்லி மெஷினைத் திறந்தேன். கம்ப்ரசருக்குப் போகும் வயரைத் துண்டித்தேன். விசிறியையும் முன்பக்கத்துப் பச்சை விளக்கையும் அப்படியே விட்டேன். எச்சரிக்கை மணியின் வயரை எடுத்துவிட்டேன். மீன் தொட்டிக்கு வைக்கிற சின்னப் பம்ப் ஒன்று வாங்கி வந்து உள்ளே வைத்து, வாயை அவள் குழாயோடு இணைத்தேன். அது கிளம்பும்போது லைனுக்குத் தெரியவே தெரியாது. அறைக் காற்றை எடுத்து மூக்குக்கு அனுப்பும். பாட்டிலில் குமிழும் வரும்.

மாட்டிவிட்டதும் அக்கா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"என்னடா, கடகடன்னு அடிச்சுக்கும், இப்பச் சத்தமே காணோம்?"

"சரி பண்ணிட்டேன்கா. சத்தத்தைக் குறைச்சிருக்கேன்."

"உன் கை தங்கக் கைடா. இனிமேதான் எனக்கு நிம்மதியாத் தூக்கம் வரும்."

அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பிரேக்கர் ஒரு தடவைகூட விழவில்லை.

வெயில் குறைந்ததும் வயரைத் திரும்பச் சேர்த்துவிடுவதாகத்தான் இருந்தேன். கம்ப்ரசருக்கு ஒரு சேதாரமும் செய்யவில்லை. வயர் நுனியில்கூட டேப் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தேன். நீங்களே பார்த்திருப்பீர்கள்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் எண் இறங்க ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பலகை கொதிக்கிறது என்று எண் காட்டும்; தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும். அதனால் எண்ணை நம்புவதற்கு முன்னால் சென்சாரைச் சந்தேகப்படு என்பது எங்களுக்குப் பாலபாடம். நான் பேட்டரியை மாற்றினேன். என் விரலில் மாட்டிப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. அக்கா விரலில் மாட்டினால் குறைத்துக் காட்டியது. அவள் விரல் நுனி நீலம் பாரித்துக் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த விரலில் கருவி தப்பாகக் காட்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அதைப் பார்த்துப் பார்த்து அவள் கலங்க வேண்டாமே என்று எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

நடுவில் அக்கா மகள் வந்தாள். வெளியூரில் வேலை, லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, அம்மா ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேச மாட்டேங்கிறாங்க. மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதா?"

ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து குழாயின் நுனியை அதில் விட்டுக் காட்டினேன். குமிழ் பொலபொலவென்று வந்தது. அவளுக்கு அந்தச் சோதனையை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நோய்தான் முத்திருச்சு" என்று அழுதாள். அக்கா அவள் தலையைத் தடவி, "மாமா நல்லாத்தான் பார்த்துக்கறான்" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. புகாரில் இதையும் எழுதியிருக்கிறாளா? எழுதியிருக்க மாட்டாள்.

கடைசி நாட்களில் அக்கா உட்கார்ந்தேதான் இருந்தாள். படுத்தால் முடியவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "டேய், காத்து வருதா பாரு" என்றாள். நான் குழாயின் முன்னால் விரலை வைத்துப் பார்த்தேன்.

"காத்து வருதுக்கா."

"வருதுடா. ஆனா பத்தலை."

பிறகு அவளாகவே, "எனக்குத்தான் உள்ள வாங்கத் தெம்பில்ல போல" என்றாள். தன் மேலேயே குறை சொல்லிக்கொண்டாள். நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். காற்று வந்துகொண்டுதான் இருந்தது.

அவள் போனது ஒரு மத்தியானம். அன்றைக்கு நாலு பெட்டியும் முழு வேகத்தில் ஓடின. அவ்வளவு வெயிலிலும் லைன் அசையவில்லை. நல்ல செய்தி, அக்காவிடம் சொல்லலாம் என்று முன்னறைக்கு வந்தேன். சுவரில் சாய்ந்தபடி ஜன்னலைப் பார்த்திருந்தாள். நான் சொல்ல ஆரம்பித்து, பாதி சொன்ன பிறகுதான் புரிந்தது. பாட்டிலில் குமிழ் வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். சாதாரணக் காற்று அவளுக்கு உதவாது என்று தெரிந்தேதான் செய்தேன். இதை நீங்கள் எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அழுதது நடிப்பு என்று அக்கா மகள் சொல்கிறாளாம். அது மட்டும் வேண்டாம். எனக்கு அக்காவைத் தவிர யாரும் இல்லை.

மாட்டிக்கொண்டது என் கவனக்குறைவுதான். மெஷினை வேறொரு நோயாளிக்குத் தானமாகக் கொடுக்கப்போவதாக அக்கா மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வயரைச் சேர்க்க எனக்கு நேரம் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை சர்வீஸ் பண்ணலாம் என்று அவள் மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறாள். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். யார் செய்தார்களோ, வேலை சுத்தம் என்று சொன்னாராம். நீங்கள்தான் சொன்னீர்கள். தொழில் தெரிந்தவர் சொன்னது என்பதால் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி. அக்கா மகள் வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டாளாம். பெட்டிகள் ஓடாமல் கிடந்தால் பலகையில் ஈரம் ஏறிவிடும். யாரையாவது அனுப்பிப் போடச் சொல்லுங்கள். பிரேக்கர் விழும் என்று பயப்பட வேண்டாம். அக்கா இருந்தபோதுதான் லைன் இழுபறியாக இருந்தது. இப்போது முன்னறைப் பிளக் காலியாகத்தான் இருக்கிறது. இன்னொரு பெட்டிகூடத் தாங்கும்.