வீட்டில் இல்லாதவரை எண்ணுவது

நான் வாழும் வெளிநாட்டில், திராமன் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். பழைய ஜெர்மன் அரசுகள் சனத்தொகைக் கணக்கெடுத்த வரலாற்றைப் படிக்கிறவள் மற்றவளிடம் சொன்னாள்:

"வெளியூர் போனவையையும் வீட்டு ஆக்களாத்தான் எண்ணினவையாம். ஆனா ஒரு வருசத்துக்கு மேலை வராட்டி எண்ண மாட்டினம்."

"ஒரு வருசம் மட்டுமோ?"

"ஓம். எல்லா அரசுகளும் சேர்ந்து வாங்கின சுங்க வருமானத்தைத் தலைக்கணக்கிலைதான் தங்களுக்குள்ளை பிரிச்சு எடுத்தவை. அதாலை கண்டிப்பு."

மற்றவள் சொன்னாள்:

"எங்கடை அண்ணா யுத்தத்திலை காணாமல் போனவர் எல்லே. மன்னாரிலை கணக்கெடுக்க எப்ப வந்தாலும் அம்மா, 'நானும் மகனும்' எண்டுதான் சொல்லுவா. வாற ஆக்கள் எவ்வளவு விளக்கினாலும் கேக்கமாட்டா."

"பாவம். இப்பவும் அப்பிடியே?"

"இந்தமுறை நான் லீவிலை அங்கை நிக்கேக்கை வந்தவை. வீட்டிலை எத்தினை பேர் இருக்கிறியள் எண்டு கேட்டினம். அம்மா, 'நான் மட்டுந்தான் தம்பி' எண்டா."

படிக்கிறவள் அவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிறகு குசினிக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினா. அண்டைக்கு அவ சமைக்கேல்லை. நானும் சாப்பாடு கேக்கேல்லை."