முப்பத்தைந்து மைலுக்கு மேல் ஓடாத கார்

பழைய கார் வைத்திருப்பவன் காலையில் எழுந்ததும் முதலில் காரின் அடியைத்தான் குனிந்து பார்ப்பான், எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று. நீங்கள் என்னை ஏற்றிவந்த ஜீப்பின் அடியையும் பார்த்தேன். சொட்டுகிறது, இன்ஸ்பெக்டர். கவனியுங்கள்.

என் பெயர் கனகசிங்கம். வயது எழுபத்தொன்று. ஊரில் போடியார் என்று கூப்பிடுவார்கள், வயற்காரர் என்று பொருள். வேலப்போடியாரின் மகன். என் மனைவி அன்னப்பூரணி நேற்று உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. அவள் பொய் சொல்லும் வீட்டில் பிறந்தவள் அல்ல. நானும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் அல்ல. காரணத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியாது. நீங்கள் அதைத்தான் கேட்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் ஓர் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் கண்ணகை அம்மன் கோயிலின் கூரை போனபோது, அம்மனின் முகக்களையை, அதாவது சடங்கு நாளில் கும்பத்தில் வைக்கும் வெள்ளி முகத்தை, என் தகப்பனார் அந்தக் காரில் வைத்துத்தான் காப்பாற்றினார். அடுத்த வருடம் ஊர் கூடி ஒரு முடிவு எழுதியது. வைகாசிச் சடங்குக்கு முகக்களை எங்கள் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும். ஆனால் என் மனைவியின் குடியார், அவளுடைய குலத்தார், இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். கார் அந்தச் சூறாவளி இரவில் இருந்தபடியே இருக்க வேண்டும். வழியில் ஒரு முறைகூட நிற்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் உரிமை அவர்களுடைய குடிக்குப் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி வருவது என்பது உங்களுக்குத் தெரியும். என் பிள்ளைகளும் அந்தக் குடிதான். தகப்பனாரிடமிருந்து எனக்கு வந்தது இந்தக் கார் ஒன்றே. அதில் முகக்களை ஏறும் அந்த அரை மணித்தியாலம் மட்டும் நான் வேலப்போடியாரின் மகன். மற்ற நாட்களில் அன்னத்தின் புருசன்.

ஒவ்வொரு சித்திரையிலும் அவர்கள் குடியில் ஒருவர் வந்து பொனட்டைத் திறந்து பார்ப்பார். அன்னத்தின் அண்ணன், என் மச்சான் வினாயகமூர்த்திதான் பல வருடங்களாக அதைச் செய்தார். இளைப்பாறிய சித்திர ஆசிரியர். எஞ்சினின் ஒவ்வொரு திருகாணியையும் ஒரு கொப்பியில் வரைந்து வைத்திருந்தார், துருப்பிடித்த இடங்கள் உட்பட.

"மச்சான், போன வருசம் இந்த நட்டு கோயில் பக்கம் பாத்தது. இப்ப கடல் பக்கம் பாக்குது."

"கழுவக்குள்ள அசைஞ்சிருக்கும்."

"அசையட்டும், அசையட்டும். ஆனா எழுதுவன்."

அவருடைய நேர்மையை நான் மதித்தேன். இன்றும் மதிக்கிறேன்.

இரண்டாயிரத்து இரண்டு வைகாசியில், கோயிலுக்கு முன்னால் உள்ள மணல் ஏற்றத்தில் கார் மூன்று முறை இருமியது. நிற்கவில்லை. ஆனால் பக்கத்தில் நடந்துவந்த மச்சான் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். முகக்களையைக் கையில் வாங்க அவர் ஆயத்தமாகிவிட்டார். அந்தச் சால்வையை நான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காத்தான்குடியில் மஜீட் என்ற நல்ல மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் போய், காருக்குப் பலம் வேண்டும், பார்வைக்கு எதுவும் மாறக் கூடாது என்றேன். எல்லாம் இன்லெட் மெனிபோல்ட்டில்தான் இருக்கிறது என்றார். பெற்றோலும் காற்றும் கலந்து எஞ்சினுக்குள் போகும் வார்ப்புக் குழாய் அது. எஞ்சினுக்கு மூக்கு மாதிரி. எவ்வளவு மூச்சு இழுக்கிறதோ அவ்வளவு பலம்.

மேசையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கொழும்பிலிருந்து வந்தது, பந்தயக் கார் ஒன்றில் இருந்தது, இரண்டு காபரேற்றர் பூட்டுவது. வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. மற்றது அவரே இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்தது.

"போடியார், இந்த மின்னுறதப் பூட்டினா குதிரதான். ஆனா உங்கட மச்சான் பொனட்டத் துறந்த உடன மயங்கி விழுந்திருவார்."

"மற்றது?"

"அதப் பாத்தா நானே மயங்கிருவன். உங்களுக்கிட்டப் பொய் சொல்லி என்ன?"

"வெளியால ஒண்டும் தெரியக் கூடாது மஜீட்."

அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "அப்ப ஒரு வழிதான் இரிக்கி. பழசயே நீளத்துக்கு அறுத்து, உள்ளுக்குத் தேச்சு அகலமாக்கி, திருப்பி ஒட்டித் தாறன். ஒட்டின தடத்துக்கு மேலால துருவயும் நானே வளத்துத் தாறன்."

அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். குடும்ப மரியாதை உள்ளவன் வேறு எதைத் தேர்ந்தெடுப்பான்? உள்ளே வால்வுகளையும் இன்னும் சிலவற்றையும் அவர் மாற்றினார். அவை கண்ணில் படாதவை. துரு மட்டும் சிரமம் தந்தது. வாவித் தண்ணீரில் புளி கரைத்து மூன்று வாரம் பூசினோம். சரியான இடத்தில் சரியான வடிவத்தில் வர வேண்டுமே. நான் மச்சானிடம் போய், உங்கள் சித்திரங்களை ஆறுதலாகப் பார்க்க ஆசை என்றேன். அவருடைய சித்திரங்களை அதுவரை யாரும் கேட்டதில்லை. கண் கலங்கிப் போனார். கொப்பிக்குப் புது உறை போட்டுக் கொடுத்தார்.

அடுத்த சித்திரையில் அவர் இரண்டு மணித்தியாலம் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கடைசியில் கொப்பியை மூடிவிட்டு, "எல்லாம் சரி. ஆனா சத்தம் கொஞ்சம் வேற மாதிரிக் கேக்குது. கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுவீங்களா மச்சான்?" என்றார்.

அம்மனுக்கு முன்னால் நின்று, "வெளியில் ஒரு திருகாணியும் மாறவில்லை" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை கொப்பளிக்கவில்லை. நான் சொன்னதில் பிழை இல்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

அன்றிலிருந்து நான் அந்தக் காரை முப்பத்தைந்து மைலுக்கு மேல் ஓட்டியதில்லை. தகப்பனார் ஓட்டிய வேகம் அது. ஆரையம்பதிச் சந்தியில் வான்காரர்கள் கோன் அடித்து முந்திப் போவார்கள். விடுவேன். என் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கும் மஜீட்டுக்கும் மட்டும் தெரியும். அது ஒரு நிம்மதி.

பிறகு சுனாமி வந்தது.

அன்று காலை அன்னம் வீட்டில் இல்லை. கரடியனாற்றில் மகளுக்குக் குழந்தை கிடைத்திருந்தது. முதல் நாள் பின்னேரமே மருமகன் வந்து கூட்டிப்போய்விட்டார், மச்சானுக்கு அது தெரியாது. நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கடல் பக்கமிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். பக்கத்து வளவிலிருந்து மச்சான் ஓடிவந்தார். பாய் விற்கும் ஹவ்வா உம்மா வாசலில் நின்றார். இரண்டு மீனவர்களும் ஏறினார்கள். கண்ணாடியில் தண்ணீர் தெரிந்தது, மரங்களோடு. நான் எக்ஸிலேற்றரை முழுவதும் மிதித்தேன். அந்த ஒரே ஒரு முறைதான்.

மஜீட் திறமைசாலி. ஐந்து பேரை வைத்துக்கொண்டு முள் எழுபதைத் தாண்டியது. வாவிப் பக்கத்துப் பள்ளிக்கூட மேட்டில் போய் நிறுத்தியபோது எங்களில் ஒருவருடைய காலும் நனைந்திருக்கவில்லை.

மச்சான் இறங்கி என் இரண்டு கைகளையும் பிடித்தார். "என்ட உயிரக் காப்பாத்திட்டீங்க மச்சான்," என்றார். பிறகு பொனட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, அந்த நேரத்தில், சிரித்தார்.

"எழுபது ஓடினது, நான் கண்டன். மாமாட ஒஸ்டின் எழுபது ஓடாதே. உள்ளுக்கு என்னத்தச் செஞ்சீங்க?"

நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.

"பயப்படாதீங்க. கோயில்ல நான் நல்லதாத்தான் சொல்லுவன். இந்தக் காரை இப்பிடிச் செஞ்சபடியாத்தான் நாங்க உயிரோட நிக்கிறம் எண்டு எல்லாருக்கும் சொல்லுவன். கொப்பியில வேற வரைவன்."

அவர் அப்படியே செய்திருப்பார். நன்றியோடு, ஊர் கூடிய இடத்தில், சித்திரத்தோடு சொல்லியிருப்பார். சற்று முன் அவர் பிடித்ததோ, வேலப்போடியாரின் மகன் அம்மனுக்கு முன்னால் கற்பூரம் அணைத்த கை.

மீனவர்களில் ஒருவர் ஹவ்வா உம்மாவிடம், "கீழ போகாதீங்க உம்மா, கடல் உள்ளுக்கு இழுக்குது, இன்னும் வரும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைக் கேட்டேன். மச்சான் கேட்கவில்லை. அவருக்குத் திடீரென்று நினைவு வந்தது.

"தங்கச்சி எங்க?"

"வீட்டில்," என்றேன்.

நான் சொன்னது அந்த ஒரு சொல்தான், இன்ஸ்பெக்டர். அவரை நான் காருக்குள் தள்ளவில்லை. அவரே ஏறிக் கதவைச் சாத்தினார். "விடுங்க மச்சான், கெதியா விடுங்க," என்றார். வழியெல்லாம் அழுதார். நான் முப்பத்தைந்தில் ஓட்டினேன்.

தண்ணீர் வடிந்திருந்தது. வீட்டு வாசல் படலை இருந்த இடத்தில் நிறுத்தினேன். "அன்னம், அன்னம்" என்று கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். ஒழுங்கை முழுவதும் மரம் கிடந்தபடியால் காரைத் திருப்ப மூன்று முறை முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருந்தது. அது முடியும் வரை அவர் கூப்பிடுவது கேட்டது. ஒவ்வோர் அறையாகத் தேடினார். திரும்பி வரும்போதும் முப்பத்தைந்துதான். மேட்டில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பின் சக்கரங்கள் நனைந்தன.

நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். மாற்றாத கார் என்றால் அவர் அன்று காலை முதல் தண்ணீரிலேயே போயிருப்பார். மஜீட்டின் மெனிபோல்ட்தான் அவரை எடுத்தது. நான் அவரை எடுத்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் விட்டேன். கணக்கில் ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒஸ்டின் அன்று இருந்தபடியே இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ அதுதான் நடந்தது.

மூன்றாம் நாள் வாவிக்கரையில் தில்லைமரப் பற்றைக்குள் அவரைக் கண்டெடுத்தோம். செலவுகளை நானே செய்தேன். வருடா வருடம் திவசமும் தவறவில்லை. அவருக்குப் பிறகு பொனட்டைத் திறந்து பார்க்க வருகிற பொடியன்கள் ஒரு நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். ஒருவனுக்குக் காபரேற்றர் எது என்றே தெரியவில்லை. அந்த நேரங்களில் மச்சானை நினைத்து மனம் வருந்தும்.

ஹவ்வா உம்மா சுனாமிக்குப் பிறகு மகளோடு புத்தளம் போய்விட்டார். சண்டை முடிந்து பாதை திறந்தபடியால் இந்த மாதம்தான் வந்தார். அன்னத்துக்கு ஒரு பாயும் கொண்டுவந்தார். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "நீங்க தப்பினது பெரிய காரியம் புள்ள. நீங்க வீட்ட இரிக்கிறீங்க எண்டுதானே போடியார் உங்கட அண்ணன ஏத்திப் போனார்," என்றார்.

அன்னம் பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தினாள். ஹவ்வா உம்மாவைப் படலை வரை கொண்டுபோய் விட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அண்ணன் கேட்ட நேரம் என்ன சொன்னீங்க?"

மனைவியிடம் பொய் சொல்வது என் பழக்கமில்லை. சொன்னேன். அவள் செருப்பும் போடாமல் இந்த நிலையத்துக்கு நடந்து வந்தாள். நாற்பத்தாறு வருடத்தில் அவள் தனியாகத் தெருவில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

ஆகவே எழுதுங்கள். வினாயகமூர்த்தியைத் தெரிந்தே கொண்டுபோய் விட்டவன் நான்தான். இன்னொரு அலை வரும் என்று எனக்குத் தெரியும். கொலை என்ற சொல்லையே போடுங்கள், கையெழுத்து வைக்கிறேன். பேனையும் என்னிடம் இருக்கிறது.

ஆனால் நாளைக்குக் காரைக் கழற்றிப் பார்க்க ஆள் வருகிறார் என்று சொன்னீர்கள். அது தேவையில்லை. நான் சொன்னவற்றில் அந்த மெனிபோல்ட் சம்பந்தமான பகுதியை விட்டுவிடுங்கள். இது வைகாசி; வருகிற திங்கட்கிழமை முகக்களை ஏறுகிற நாள். காரணம் என்ற இடத்தில் காணித் தகராறு என்று எழுதிக்கொள்ளுங்கள். மரியாதையான குடும்பங்களில் நடப்பதுதான்.