நடக்கச் சொன்னோம், நிற்கச் சொல்லவில்லை

தாராவிப் பிள்ளைகளுக்குக் கணினியோடு பேசக் கற்றுத்தந்த கனிவே! கால் வலியைக் காட்டிக்கொள்ளாத கண்ணியமே! இன்று பணி நிறைவுபெறும் எங்கள் செண்பகவல்லி டீச்சர் அவர்களே! வணக்கம்.

இன்னும் புகழ்மொழி பொழிய எங்களுக்கும் ஆசைதான். ஒழுகும் வகுப்பும், ஓயாத பதிவேடும், தலையில் கட்டிய தேர்தல் வேலையும் பார்த்த களைப்பில் அடைமொழிகள் இவ்வளவுதான் அகப்பட்டன. பொறுத்தருள்க!

இரண்டாம் வகுப்புக்குக் கோடிங் கற்பிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது; கம்ப்யூட்டர் வரவில்லை. "அதுக்கென்ன, நானே கம்ப்யூட்டரா நின்னுட்டுப் போறேன்" என்றீர்கள். பிள்ளைகள் கட்டளையிட, சொன்னதை மட்டும் செய்தீர்கள். 'ஊத்துங்க' என்ற ராஜகுமார் 'போதும்' என்று சொல்லாததால் குவளை நிரம்பி, மேசை நனைந்து, தரையெல்லாம் தண்ணீர். 'நடங்க' என்ற இன்னொரு பிள்ளை நிறுத்தச் சொல்லாததால், வராந்தா கடந்து, தலைமையாசிரியர் பிரம்மநாயகம் ஐயாவின் மேசையில் போய் முட்டி நின்றீர்கள். ஐயா பதறி எழுந்தார். "நீ மனசுல நெனச்சது எனக்குத் தெரியாதுல்லா, வாயால சொன்னதுதான தெரியும்" என்பதே உங்கள் பாடம்.

எதைக் கேட்டாலும் விரல் நீட்டி 'அது' என்று மட்டும் சொன்ன அதே வகுப்பு ஆறுமுகத்தாய், சென்ற மழைக்காலத்தில், தன் தாய்க்கு எங்கே வலி, எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று டாக்டரிடம் இந்தியில் வரிசையாகச் சொன்னாள். கேட்டு மகிழ்ந்தோம், வியந்தோம். அந்த வகுப்பை ஏற்க மட்டும் எங்களில் ஒருவருக்கும் தெம்பில்லை.

ஆகவே, ஓய்வுக்குப் பின்னும் வாரந்தோறும் வந்து நீங்களே நடத்தவேண்டும் என்று கேட்கும் பத்தி ஒன்றை இம்மடலில் எழுதியிருந்தோம். நீங்கள் மறுக்கமாட்டீர்கள் என்று தெரியும். வீங்கிய முழங்காலோடு செம்பூரிலிருந்து பஸ் பிடித்து வருவீர்கள் என்பதும் தெரியும்.

நேற்று உங்கள் கடைசி வகுப்பு. வாசலில் நின்று பார்த்தோம். ஆறுமுகத்தாய் 'நடங்க' என்றாள். நடந்தீர்கள். நீங்கள் காலை இழுத்து நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் சொன்னாள்: "நில்லுங்க டீச்சர். திரும்புங்க. அங்க நாற்காலி இருக்குல்லா, ஒக்காருங்க. இனி எந்திரிக்கச் சொல்லமாட்டேன்."

உட்கார்ந்தீர்கள். நாங்கள் திரும்பி வந்து அந்தப் பத்தியை அடித்துவிட்டோம். திங்கள் முதல் கம்ப்யூட்டராக நிற்கப்போவது எங்களில் ஒருவரான ஜெபசெல்வி டீச்சர். ஐயா மேசையைச் சற்றுத் தள்ளிப் போட்டிருக்கிறார்.

நோயின்றி, நெடுநாள், நிம்மதியாய் வாழ்க! நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள், டீச்சர். நாங்களும் எழுந்திருக்கச் சொல்லமாட்டோம்.

களைத்த கைகளைக் கூப்பி,
உடன் உழைத்த ஆசிரியர்கள், அலுவலர்கள்
தாராவி, மும்பை