எந்த இடத்தில் ஒர்க் ஆகவில்லை?

தலைமையேற்றிருக்கும் ஜிஷா டீச்சர் அவர்களே, அண்டை ஊர்த் திரைப்படக் கழகங்களிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் செயலாளர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணனின் துணைவியார் நாச்சம்மாளக்கா அவர்களே, எலப்புள்ளித் திரைப்படக் கழகத்து உறவுகளே!

முதலில் எல்லாரும் போனை அணையுங்கள். அந்தக் கடைசி வரிசையிலும்தான். இது என் உத்தரவு அல்ல. இருபத்திரண்டு வருடம் இதே வாயனசாலை நூலக மண்டபத்தில், இதே இடத்தில் நின்று அவர் சொன்னது. இன்றைக்கு அவர் படமாக மாலைக்குள் இருக்கிறார். சொல்ல ஆள் இல்லாததால் நான் சொல்கிறேன்.

தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து இங்கே திரை கட்டியவர் யார்? மோகனசுந்தரம்! நான்கு பக்க மாத இதழை ஒரு மாதம்கூட நிறுத்தாமல் கொண்டுவந்த ஆசிரியர் யார்? மோகனசுந்தரம்! ஒரே ஒரு வார்த்தைக்காக நம் எல்லாரோடும் சண்டை பிடித்தவர் யார்? அதுவும் மோகனசுந்தரண்ணன்தான்.

அந்த வார்த்தை உங்களுக்கே தெரியும். ஒர்க் ஆகிறது, ஒர்க் ஆகவில்லை. இன்றைக்கு விமர்சனம் என்று வாய் திறக்கிற எவரைக் கேட்டாலும் இதுதானே? காமெடி ஒர்க் ஆச்சு, லவ் ஒர்க் ஆகல, எமோஷன் ஒர்க் ஆகல. தலைவலி மாத்திரைக்குச் சொல்வதுபோல ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். இதழுக்கு வரும் கட்டுரையில் அதைப் பார்த்தால் அண்ணன் பச்சை மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். பக்கத்தில் இரண்டே கேள்விகள். யாருக்கு? எந்த இடத்தில்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்ததும் ஜிஷா டீச்சர் எழுந்து, "செகண்ட் ஹாஃப் ஒர்க் ஆகல" என்றார். டீச்சர், கோபிக்க வேண்டாம், சொல்லித்தான் ஆக வேண்டும்.

"எந்த எடத்துலீங்க டீச்சர்?"

"மொத்தமாத்தான்."

"மொத்தமாங்கறது ஒரு எடமாங்க?"

மனுஷன் இரண்டாம் பாதியை மறுபடியும் ஓட்டிவிட்டார்! டீச்சருக்கு ஐந்தரை மணி பஸ் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. ஒன்பதாவது நிமிடத்தில் டீச்சர் கையைத் தூக்கினார். "நிறுத்துங்க, இங்கதான். அவன் அழறதுக்கு முன்னாலயே மியூசிக் அழுதுடுது." அண்ணன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம்! "இத எழுதிக் குடுங்க டீச்சர், போதும்" என்று சொல்லி, தன் ஜீப்பிலேயே அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

நான் ஒருமுறை நேருக்கு நேரே கேட்டேன். உலகமே எழுதுகிறது, உங்களுக்கு மட்டும் என்ன அண்ணா என்று. "படம் பாக்காதவனும் அத எழுதிப்போடலாம் தனபாலு. அதனாலதான் வேண்டாங்கறேன்" என்றார். அது எனக்கென்றே சொன்ன வார்த்தை என்று அப்போது தெரியவில்லை.

உறவுகளே, புகழ்ந்து பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அது இத்தோடு சரி. இனி நான் பேசப்போவது வேறு.

அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்த பத்தொன்பது நாளில் இதழ் என் கைக்கு வந்தது. போடிமெட்டுப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மாரீஸ்வரி என்ற பெண் ஒரு படம் அனுப்பியிருந்தார். நாற்பத்தெட்டு நிமிடம். கொழுந்து பறித்து ஓய்வு பெறும் தன் அம்மா, முப்பத்தாறு வருடம் இருந்த லயத்து வீட்டைக் காலி செய்து கம்பெனியிடம் ஒப்படைக்கும் கடைசி ஒரு வாரம். அதுதான் படம். நான் வீட்டில் அதைப் போட்டுவிட்டு, கிணற்று மோட்டார் ரிப்பேர்காரனோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் நான் பார்க்கவில்லை. பார்க்காமலே எழுதினேன்: "நல்ல முயற்சி. ஆனால் படம் ஒர்க் ஆகவில்லை." அச்சில் வந்துவிட்டது. நம் இதழைப் பார்த்து முடிவெடுக்கிற ஆறு கழகங்களும் அந்தப் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அந்தச் செயலாளர்களில் சிலர் இதோ என் பக்கத்திலேயே இருக்கிறீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை இதழை அண்ணனிடம் கொண்டுபோய் நீட்டினேன், பெருமையாக. பார்த்தீர்களா, நிற்காமல் கொண்டுவந்துவிட்டேன் என்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"எந்த எடத்துல தனபாலு?"

நான் ஏதோ உளறினேன்.

"செரி, எனக்குக் கண்ணு நிக்க மாட்டேங்குது. நீ கதையச் சொல்லு, நான் கேக்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டார். சொன்னேன். அந்த அம்மா பாத்திரத்தை மூட்டை கட்டுகிறார், சாமி படத்தைக் கழற்றுகிறார்.

"அப்பறம்?"

அப்புறம் எனக்கு என்ன தெரியும்?

அண்ணன் கண்ணைத் திறந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்ல, போயிப் பாத்துப்போட்டு வா. நாளைக்குச் சொல்லு" என்றார்.

அன்று சாயந்திரமே பார்த்தேன். போனை அணைத்துவிட்டு, முழுசாகப் பார்த்தேன். மறுநாள் நாலு மணிப் பார்வை நேரத்துக்கு வார்டு வாசலில் போய் நின்றேன். பதினோரு மணிக்கே அண்ணன் போய்விட்டார் என்றார்கள். அந்தப் படம் முழுக்க எனக்குள்ளே இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை. நான் என்ன செய்யட்டும்? யாரிடம் போய்ச் சொல்லட்டும்?

இன்னும் கேளுங்கள். எரியூட்டிய அன்று மாரீஸ்வரி வந்திருந்தார். என்னிடம் வந்து, "அண்ணே, ஒர்க் ஆகலன்னு போட்டிருந்தீங்கள்ல. எந்த இடம்னு எனக்குப் பிடிபடல. நீளமா இருக்குன்னு அம்மா வீடு கழுவுற சீனைத் தூக்கிட்டேன். இப்ப சரியா இருக்குமாண்ணே?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அதோ, தூண் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். தாயி, அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்கிறேன். நான் படம் பார்க்காமல் எழுதியவன்.

அண்ணன் விட்ட பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. போன இதழைத் திரும்ப வாங்க முடியாது. அண்ணனைத் திரும்ப எழுப்ப முடியாது. என்னால் ஆவது ஒன்றுதான். வெட்டாத படம் இந்தப் பென்டிரைவில் இருக்கிறது. மாரீஸ்வரி சம்மதித்தால், வரும் ஞாயிறு இரண்டு மணிக்கு இதே மண்டபத்தில் போடுவோம். ஆறு செயலாளர்களும் வர வேண்டும். என்னை எழுப்பி நிற்கவைத்துக் கேளுங்கள்.

ஆனால் அண்ணன் கேட்டதற்கு இன்றைக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, முப்பத்தொண்ணாவது நிமிசமுங்க. அந்தம்மா சமையக்கட்டுல ஆரம்பிச்சு, பின்னாலயே நகந்து நகந்து வீடு பூராக் கழுவிட்டு வர்றாங்க. நாலு நிமிசம். கடசில வாசலுக்கு வெளிய நிக்கறாங்க. மழ பெய்யுது. கொட உள்ள ஆணியில தொங்குதுங்க. அத எடுக்கோணும்னா ஈரத் தரையில கால் வெக்கோணும். பாக்கறாங்க. பாத்துட்டு, கதவச் சாத்திப்போட்டு, மழைலயே போயிடறாங்க. அந்த எடத்துலதானுங்கண்ணா, எனக்கு.