வாக்குவம் கிளீனருக்குப் புது வயர்

வாக்குவம் கிளீனரின் வயர் தானாகக் கெட்டுப்போவதில்லை, ஐயா. பிளக்கைப் பிடித்துக் கழற்றச் சோம்பல்பட்டு, அறையின் அந்தக் கோடியில் நின்றபடி வெடுக்கென்று இழுக்கிறவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள். என் மனைவி அப்படி இழுக்கிறவள். மற்றபடி அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எட்டு வருடத்தில் அந்த வயரை ஐந்து இடத்தில் ஒட்டுப்போட்டேன். பிய்ந்த இடத்தை வெட்டி எறிந்து, கம்பிகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவேன். நாளெல்லாம் அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிறவனுக்கு அது பெரிய ஆறுதல். என்ன, ஒவ்வொரு தடவையும் வயர் ஒரு சாண் குறையும். கடைசியில் கட்டிலுக்கு அடியில் எட்டவில்லை. கட்டிலை இந்தப் பக்கம் நகர்த்திப் போடலாமே என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது கடைத்தெரு மெக்கானிக் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முழு வயரையும் மாற்றிவிட்டிருந்தார். என் பழைய வயர் குப்பைக் கூடையில் கிடந்தது.

"யாரும்மா இத ஒட்டினது? இத்தன நாள் நீங்க நல்லா இருந்ததே பெரிய விஷயம்" என்று கேட்டார்.

"யாரோ தெரிஞ்சவருங்க" என்றாள் என் மனைவி.

என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்பது எனக்கும் புரிந்தது. இருந்தாலும் சுருக்கென்று தைத்தது. கட்டிய மனைவிக்கு நான் யாரோ.

"ஏங்க, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க. அவருக்கு அதுதான தொழில். உங்களுக்கு வேற எத்தனையோ தெரியும்" என்றாள் பிறகு. அந்த எத்தனையோ என்னென்ன என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த பத்து நாளும் மெக்கானிக் புராணம்தான். தங்கையிடம் போனில், "இப்பத்தான்டி வீடு வீடா இருக்கு" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது மெஷினைத் திறந்தேன். உள்ளே ஒரு வயரை இடம் மாற்றினேன். மாற்றியது தெரியாதபடி மூடினேன்.

அது தகர உடம்பு மெஷின். தொட்டால் லேசாக ஒரு ஷாக், அவ்வளவுதான் என் எண்ணம். பயந்துபோய் மெக்கானிக்கை நாலு வார்த்தை திட்டுவாள், "ஏங்க, இனிமே நீங்களே பாருங்க" என்று என்னிடம் வருவாள். குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்துதான் அவள் தரையைச் சுத்தம் செய்வாள். எட்டு வருடமாகப் பார்க்கிற வழக்கம். அன்று அது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களென்றால், அப்படியே சொல்கிறேன்.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தேம்பித் தேம்பி அழுதேன், ஐயா. அது நடிப்பில்லை.

வயர் மாற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்பதால் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி என் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, அவரு அசட்டையா வேல செய்ற ஆளு இல்லண்ணே. நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க" என்றாள். தண்ணீர் கொடுத்து, ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

ஒரு நிரபராதி தண்டனை அனுபவிக்கக் கூடாது என்றுதான் இன்று நானாக வந்திருக்கிறேன். மனசாட்சி உறுத்துகிறது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று அரசு வக்கீல் உங்கள் நிபுணரின் அறிக்கையைப் படித்துக் காட்டினார். மெஷினுக்குள் இடம் மாறியிருந்த அந்த வயரின் இணைப்பு மிக நேர்த்தியாக இருக்கிறதாம். நன்றாகத் தொழில் தெரிந்த ஒருவரால்தான் அப்படிச் செய்ய முடியுமாம். ஆகையால் மெக்கானிக்தான் என்று முடித்திருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவரை விட்டுவிடுங்கள். அவளைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். அறிக்கையில் 'நன்றாகத் தொழில் தெரிந்த ஒருவர்' என்கிற அந்த வரியை அடித்துவிடாமல், அவர் பெயர் இருக்கிற இடத்தில் என் பெயரைப் போட்டுவிடுங்கள்.