ஒண்ணுமில்லாத படம்

...அதான் கேக்கறேன், ஒரு மனுஷன் வீட்டை விட்டு எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போவான்? சாப்பாட்டுல உப்பில்லைன்னு போவான். மாமனாரு மதிக்கலைன்னு போவான். டேபிளைக் குறை சொன்னதுக்கு எவனாவது போவானா? நீயே சொல்லும்மா! உன்னை நீ, வா, போன்னு பேசலாமில்ல? மாடிக்குக் குடி வந்து இத்தனை நாளாச்சு, இப்பத்தான் எட்டிப் பாக்கற. என்ன, ஸ்க்ரூ டிரைவரா? தரேன், தரேன், அது எங்க ஓடப் போகுது. உக்காரு. டீ போட்டிருக்கேன். இந்த ஸ்டூல்ல வைக்கறேன். பாத்து எடு, கொஞ்சம் ஆடும்.

டேபிள்னதும் சாப்பிடற டேபிளை நெனைச்சுக்காத. நானும் எங்க வீட்டுக்காரரும் வெப்சைட் பண்றோம். இந்த முன் ரூம்தான் ஆபீஸ். அது அவரு கம்ப்யூட்டர், இது என்னோடது. நடுவுல இந்த பீரோ எதுக்கா? அது ஒரு சண்டைல இழுத்துப் போட்டது, அப்படியே நின்னுடுச்சு.

ஒரு பக்கத்துல எழுத்து எங்க, படம் எங்க, போன் நம்பர் எங்கன்னு அடுக்கணுமில்ல? அவரு அதுக்குக் கட்டம் கட்டுவாரு. பக்கம் பூரா ஒரு பெரிய டேபிள். அதுக்குள்ள கட்டம். கட்டத்துக்குள்ள இன்னொரு டேபிள். அதுக்குள்ள... வெங்காயம் மாதிரி உரிச்சுக்கிட்டே போகணும், கண்ணுல தண்ணியும் வரும். நான் அப்படி இல்ல. எழுத்து தனி, அலங்காரம் தனி. என்ன நிறம், எவ்வளவு பெருசு, எங்க நிக்கணும், எல்லாத்தையும் தனியா ஒரு ஸ்டைல் ஷீட்ல எழுதி வச்சுடுவேன். எத்தனை பக்கம் வேணா இருக்கட்டும், அந்த ஒண்ணு சொன்னபடி கேக்கும். ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் மாறிடும்!

மாறும்... மாறித் தொலைச்சுது. பேக்கரிக்காரர் சைட்டுல ஒரே ஒரு தலைப்பை ரோஸாக்கலாம்னு தொட்டேன். ரொட்டிப் படத்தைத் தவிர மிச்சம் அத்தனையும் ரோஸாயிடுச்சு. அதுக்கு இவரு ஒரு வாரம் சிரிச்சாரு. சத்தமா சிரிச்சாலாவது திருப்பிக் கேக்கலாம். இவருக்குத் தோள் மட்டும்தான் குலுங்கும். பீரோவுக்கு அந்தப் பக்கம் குலுங்கறது எனக்கு இந்தப் பக்கம் தெரியும்!

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், பூனை டாக்டர். மனுஷன்தாம்மா அவரு, பூனைக்குப் பாக்கறாரு. நாய், கிளி, எல்லாத்துக்கும். அவரு சைட்டு எங்க வீட்டுக்காரரு டேபிள்ல கட்டினது. நேத்துக் காலைல போன் பண்றாரு, "ஏம்மா, என் மூஞ்சிக்கு என்ன ஆச்சு?" எனக்கு எப்படித் தெரியும்? தெறந்து பாத்தா... எல்லாம் இடது பக்கமா சுருண்டு கெடக்கு. கிளியோட வாலும் டாக்டரோட மூக்கும் ஒட்டிக்கிட்டு நிக்குது. விலாசம் வரிக்கு ஒரு வார்த்தையா ஏணி மாதிரி எறங்குது. "கடிச்சா உடனே வாங்க"ன்னு எழுதியிருக்கு, அதுக்கு நேர் கீழ டாக்டர் பல்லைக் காட்டிச் சிரிக்கறாரு!

நாளைக்கு அவரு புது ஆஸ்பத்திரி தெறக்கறாரு. ஊர் பூரா ஒட்டின நோட்டீஸ்ல இந்த சைட்டைப் போட்டிருக்காரு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னுட்டாரு. இருக்கறதுலயே பெரிய வாடிக்கை அவருதாம்மா. அவரு போயிட்டா மிச்சம் பேக்கரிதான். அதுவும் ரோஸ் கோவத்துல இருக்கு.

நான் என்ன பெருசா சொல்லிட்டேன்? "பாத்தீங்களா உங்க டேபிளோட லட்சணத்தை, தானா இடிஞ்சு விழுந்துடுச்சு"ன்னேன். அவ்வளவுதான். அப்புறம், "உங்க அக்கா பேச்சைக் கேட்டு நீங்க கட்டின வீடும் இப்படித்தான் ஒழுகுது"ன்னேன். அது சும்மா, வாய்ல வந்துடுச்சு.

மனுஷன் உக்காந்து பாத்தாரு. பாத்தாரு, பாத்தாரு... "இது தானா விழலை"ன்னாரு. "பின்ன, நானா தள்ளி விட்டேன்?"னு கேட்டேன். என் மூஞ்சியையே பாத்தாரு. சட்டையை மாட்டினாரு. போயிட்டாரு, அக்கா வீட்டுக்கு! என் நாத்தனாரு இந்நேரம், தம்பி எளைச்சுட்டான்னு தட்டு தட்டா எடுத்து வச்சுக்கிட்டிருப்பா. ஒரு தடவை போனை எடுத்தாரு. நாலு வார்த்தை நல்லாக் கேட்டேன். அப்புறம் எடுக்கவே இல்ல. நானே சரி பண்ணலாம்னு அவரு டேபிளைத் தெறந்தேன். எந்தக் கட்டம் எந்தக் கட்டத்துக்குப் புள்ளைன்னே தெரியலை, தலை சுத்திடுச்சு.

எல்லாம் என் தலையிலதான்! முந்தாநேத்துகூடப் பாரு, சுத்தம் பண்ணினேன். வீட்டை மட்டுமா, கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் சேத்துத்தான். அந்த டாக்டர் சைட்டுலயே எவ்வளவு குப்பைங்கற! ரெண்டு தடவை ஏத்தின படம், அவரு மீசை வச்சிருந்த காலத்துப் படம்... ஒரு படம் இருந்துச்சு, நீ சிரிப்ப. அதுல ஒண்ணுமே இல்ல! ஒரு புள்ளி அளவு. நிறம்கூடக் கெடையாது, கண்ணாடி மாதிரி. இதை எதுக்கு எங்க வீட்டுக்காரரு வச்சிருக்காருன்னு அதையும் அழிச்சேன். அப்படியே இந்த ரூமையும் பெருக்கினேன். இந்த ஸ்டூல் காலுக்கடியில அழுக்கு அட்டை ஒண்ணை மடிச்சு வச்சிருந்தாரு. அதையும் கூட்டித் தள்ளினேன். இவரு எதைத்தான் தூக்கிப் போட்டிருக்காரு!

ஐயய்யோ, டீ! சுட்டுடுச்சா? நீ எந்திரிக்காத, நான் தொடைக்கறேன்... என்ன மடிக்கற? பஸ் டிக்கெட்டா? அதை ஏன் ஸ்டூல் காலுக்கடியில...

நின்னுடுச்சே.

ஆடவே இல்ல.

இரு. ஒரு நிமிஷம் சும்மா இரும்மா, நீ பேசிக்கிட்டே இருந்தா எனக்கு யோசனை ஓடாது. அந்தப் படம்... கட்டம் சுருங்கிடக் கூடாதுன்னு கட்டத்துக்குக் கட்டம் அதைத்தான் இழுத்து வச்சு அண்டை குடுத்திருக்காரா? கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நிறமே இல்லாம... அடக் கடவுளே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க கூடத்தை இடிச்சவளே நான்தானா!

உன் போனைக் குடு. என் நம்பர்னா எடுக்க மாட்டாரு. குடும்மா!

...ஏங்க, நான்தான். வச்சுடாதீங்க! கேளுங்க. டாக்டர் சைட்டு தானா விழலை. அந்த ஒண்ணுமில்லாத படம்... நான்தான் அழிச்சேன். ...என்னது, தெரியுமா? பாத்த உடனேயேவா? பின்ன ஏன் வாயைத் தெறக்கலை? ...ஆமா. நான் எங்க பேச விட்டேன். சரி. வீடு ஒழுகுதுன்னதும் தப்புதான். ஒழுகினா ஒழுகட்டும், வாளி இருக்கு.

வேற எங்கயாவது அந்தப் படம் இருக்கா? இருக்கா! அப்ப உடனே கெளம்புங்க, சாயங்காலத்துக்குள்ள... எங்க இருக்கீங்க? பஸ்ஸுலயா? நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டீங்களா?

நான் இதைச் சொல்லலைன்னா வந்து என்ன பண்ணியிருப்பீங்க? ...ஒண்ணும் சொல்லாம படத்தைத் திரும்ப வச்சுட்டு, அந்தப் பக்கம் போய் உக்காந்துக்குவீங்களா?

...

தோள் குலுங்குதில்ல? எனக்கு இங்க தெரியுதுங்க.

இது யாரோட போனா? மாடிக்குப் புதுசா வந்த பொண்ணோடது. நல்ல பொண்ணுதான். என்ன, வந்ததுலேருந்து ஒரே பேச்சு, என்னை வாயைத் தெறக்க விடலை... ஏம்மா? ஏ பொண்ணு? அட, எங்க போனா? போனைக்கூட வாங்கிக்காம... ஸ்க்ரூ டிரைவர் வேணாமா? ஏம்மா, ஸ்டைல் ஷீட்டைப் பத்திப் பாதிதானே சொல்லியிருக்கேன்!